முதலில் டியூட்டி சார்ட், அப்புறம் யோகா

முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசின் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. பீடி சுற்றியே வளர்ந்த ஊர் என்பதால் அது இங்கே வந்ததில் வியப்பில்லை. 1976-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த பீடித் தொழிலாளர் நலச் சட்டங்கள், உற்பத்தியாகும் பீடியின்மேல் ஒரு சிறு வரி பிடிக்க வழி செய்தன. அந்தப் பணத்தில் மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீடு கட்ட மானியம் என்று செலவிட்டார்கள். ‘செஸ்’ என்று எல்லாரும் சொன்ன அந்த வரியை 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். புகையிலைத் தூசிக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து முதுகு தேய்ந்த பெண்களுக்கு, ‘நிமிர்ந்து உட்காருங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க’ என்று சொல்லி யாரும் கைகழுவிவிடவில்லை. பாஸ்புக், அடையாள அட்டை, பி.எஃப்., ஆஸ்பத்திரி என்று கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஏற்பாடுகளைச் சங்கம் வைத்துக் கேட்டு வாங்கினார்கள்.

அந்த அம்மாக்கள் படிக்கவைத்த பெண்களில் பலர் இன்று ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஃபார்மசிஸ்ட். காலை பஸ்ஸில் ஏறித் திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் போகிறார்கள். அம்மாவிடம் இருந்த பாஸ்புக் அளவுக்குக்கூட மகளிடம் காகிதம் இல்லாத தனியார் மருத்துவமனைகள் உண்டு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது, அசல் சான்றிதழ் மட்டும் முதலாளியின் பீரோவில் இருக்கும்.

இந்த இடங்களில் ‘ஊழியர் நலம்’ என்ற பேச்சு வந்தால் மே 12-ஆம் தேதி, செவிலியர் தினத்தில், கேக் வெட்டுவார்கள். யாரையாவது கூப்பிட்டு மன அழுத்தம் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்வார்கள். நைட் டியூட்டி முடித்தவரையும் வீட்டுக்கு விடாமல் அந்தப் பேச்சுக்கு உட்காரவைப்பார்கள். யோகாவோடு எனக்குப் பகை கிடையாது. ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. ஊழியர் நலம் முதலில் டியூட்டி சார்ட்டில் இருக்கிறது. பிறகு தண்ணீர் கேனில், கழிப்பறைத் தாழ்ப்பாளில், தடுப்பூசிக் கணக்கில், ஒன்றாம் தேதிச் சம்பளத்தில். இவற்றை ஒழுங்குபடுத்தாமல் மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தால், ‘உன் களைப்புக்கு நீதான் காரணம்’ என்று மறைமுகமாகச் சொன்னதாக ஆகிவிடும்.

இரண்டு பேருக்காக இதை எழுதுகிறேன். ஒருவர் சார்ட் போடுகிறவர்: நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட், வார்டு இன்சார்ஜ், இருபது படுக்கை வைத்து நடத்தும் டாக்டர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர். மற்றவர் அந்தச் சார்ட்டில் பெயர் இருக்கிறவர்.

சார்ட் போடுகிறவருக்கு

டாக்டர்களுக்காவது எழுத்தில் ஒரு வரம்பு உண்டு. 1992-இல் மத்திய அரசு ரெசிடென்ட் டாக்டர்களுக்கு வகுத்த விதியில், தொடர்ந்து பார்க்கும் பணி சாதாரணமாகப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம், முறை வைத்து வாரம் ஒரு நாள் விடுப்பு என்று இருக்கிறது. முப்பது வருஷம் தாண்டிவிட்டது, எந்த பி.ஜி. மாணவரிடம் இதைச் சொன்னாலும் சிரிப்பார். விதி இருக்கிற இடத்திலேயே இந்தக் கதி. நர்சிங் ஹோம் சிஸ்டர் பார்க்கும் டபுள் டியூட்டியை யார் எண்ணுகிறார்கள்? ஆகவே முதல் வேலை எண்ணுவதுதான். கடந்த மூன்று மாதச் சார்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை நைட், எத்தனை டபுள், ரத்தான வீக்லி ஆஃப் எத்தனை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யார் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்பதை அந்தத் தாளே ஓரளவு சொல்லிவிடும்.

பிறகு சார்ட்டின் ஓட்டத்தை மாற்றுங்கள். காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போகும் சுழற்சியை உடம்பு ஓரளவு தாங்கும். இரவிலிருந்து மதியம், மதியத்திலிருந்து காலை என்று பின்னோக்கிப் போனால் தூக்கம் குலைந்துவிடும். மதிய டியூட்டி முடித்து, ஹேண்டிங் ஓவர் கொடுத்து, இரவு ஒன்பதரைக்குக் கிளம்புகிறவரை மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொல்வதுதான் நம் பக்கத்துச் சார்ட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. வீட்டுக்குப் போய், சோறு பொங்கி, பிள்ளையைப் படுக்கவைத்து, விடியுமுன் எழுந்து பஸ் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு அதில் தூக்கம் ஐந்து மணி நேரம் மிஞ்சினால் பெரிது. ஐரோப்பிய நாடுகளில் ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே பதினோரு மணி நேர ஓய்வு சட்டப்படியே கட்டாயம். நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; ஒரு பென்சிலும் ரப்பரும் போதும்.

நைட்டை வாரக்கணக்கில் தொடர்ந்து போடாதீர்கள். மூன்று இரவு, அதன்பின் இரண்டு முழு நாள் விடுப்பு என்பது நடக்கக்கூடிய ஏற்பாடு. நைட் முடித்து வெளியே வரும் நாளையே ‘ஆஃப்’ என்று கணக்கு எழுதுகிறார்கள். அது ஆஃப் இல்லை, பாதி நாள் வேலை பார்த்துவிட்டுத் தூங்கும் நாள். நடுராத்திரிக்குப் பிறகு ஆளுக்கு இருபது நிமிஷம் முறைவைத்துக் கண்ணயர விடுங்கள். ‘டியூட்டியில் தூங்கினாள்’ என்று மெமோ கொடுக்கிற மருத்துவமனைகளில்தான் மருந்தின் அளவு மாறிப்போகிறது. நைட் பார்த்தவர்கள் பைக்கில் வீடு திரும்புவதை முடிந்தவரை தவிர்க்கச் செய்யுங்கள். பேட்டைச் சாலையில் காலை நேரத்துச் சரக்கு லாரிக்கும் அரைத் தூக்கத்தில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்கும் நடுவே அதிக இடைவெளி கிடையாது. முதல் பஸ் வரும்வரை படுக்க ஓர் அறையைத் திறந்துவிடுவது மருத்துவமனைக்கு ஒன்றும் செலவில்லை.

சார்ட்டை இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே ஒட்டிவிடுங்கள். நம் ஊரில் விடுப்பு என்பது சொந்த விஷயம் மட்டும் இல்லை. ஊர்க் கொடை, சடங்கு, பால் காய்ச்சு, இழவு எல்லாம் அதில் வரும். அம்மன் கொடை நாள் ஊருக்கே முன்கூட்டித் தெரியும், சார்ட் போடுகிறவருக்கு மட்டும் தெரியாமல் இருக்காது. கொடைக்கு லீவு கேட்டு மூஞ்சைத் தூக்கிக்கொண்டு நிற்பதும், கடைசி நிமிஷத்தில் ‘யக்கா, நாளைக்கு நைட்டு மட்டும் பாத்துக்கிடுங்க’ என்று ஆள் தேடுவதும், தராவிட்டால் காய்ச்சல் என்று போன் வருவதும் திட்டமிட்டால் தவிர்க்கக்கூடியவை. பண்டிகைக்கும் கொடைக்கும் யார் போன முறை போனார், யார் இந்த முறை என்று வெளிப்படையாக ஒரு நோட்டு வையுங்கள். இன்சார்ஜுக்கு வேண்டியவருக்குத்தான் லீவு என்ற பேச்சு வார்டில் கிளம்பினால், அதன்பிறகு எந்தக் கேக்கும் உதவாது.

ரிலீவர் வராத நாளுக்கு என்ன ஏற்பாடு? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியதை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. வெள்ளம் எப்போதோ வருவது, ஆனால் ரிலீவர் வராத இரவு மாதத்தில் சில தடவை எந்த வார்டிலும் வரும். பக்கத்தில் குடியிருக்கும் நான்கைந்து பேரை முறைவைத்து அழைப்புப் பட்டியலில் போட்டு, அப்படி வந்தவருக்கு அந்த வாரத்திலேயே காம்ப் ஆஃப் கொடுங்கள். அடுத்த மாதம் தருகிறேன் என்று சொன்ன காம்ப் ஆஃப் வந்து சேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வெள்ளத்துக்கென்று தனியாக இரண்டு நாளுக்கான அரிசி, பருப்பு, குடிதண்ணீர், மாற்று உடை, நாப்கின் மாடியில் இருக்கட்டும்.

தண்ணீரும் கழிப்பறையும்

சொல்லவே கூச்சமான விஷயம் என்பதால் யாரும் சொல்வதில்லை. டியூட்டியில் இருக்கும் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். காரணம், போக நல்ல கழிப்பறை இல்லை, இருந்தாலும் வார்டை விட்டுப் போக ஆள் இல்லை. பிறகு நீர்க்கடுப்பு வருகிறது. அதற்கு மாத்திரையைத் தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த டியூட்டிக்கு வருகிறார்கள். ஊழியருக்கென்று தாழ்ப்பாள் விழும் கழிப்பறை ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் குடிதண்ணீர், உட்கார நாற்காலி. ஜவுளிக் கடைகளில் நாளெல்லாம் நின்ற பெண்களுக்காகத் தமிழ்நாடு 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைச் சேர்த்தது. மருத்துவமனை வரவேற்பிலும் மருந்துக் கவுன்டரிலும் ஸ்டூல் போடுவதற்கும் ஒரு சட்டம் வர வேண்டுமா?

முதுகு விஷயமும் இதே கணக்குத்தான். நோயாளியைத் தனியாளாகத் தூக்காதீர்கள். கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், அடியில் மடித்த விரிப்பைப் போட்டு இரண்டு பேராக நகர்த்துங்கள். ‘ஆளுக்குக் காத்திருந்தால் வேலை ஓடாது’ என்பார்கள். டிஸ்க் நழுவினால் ஓடுமா?

ஊசி குத்தினால்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் என்று சொன்னதும் எல்லாருக்கும் மஞ்சள் பை, சிவப்புப் பைதான் நினைவுக்கு வரும். அதே விதிகளில் இன்னும் இரண்டு கடமைகள் இருக்கின்றன. மருத்துவப் பணியாளர்களுக்கும் கழிவைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்டவற்றுக்கு நிர்வாகம் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும், பின்பு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். ஐந்து படுக்கை நர்சிங் ஹோமுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் வந்து தரை துடைக்கும் அக்காவுக்கும் பொருந்தும். சொல்லப்போனால் அவருக்குத்தான் முதலில் பொருந்த வேண்டும். டாக்டர் ஊசியை எங்கே போட்டார் என்று டாக்டருக்குத் தெரியும். பையைக் கட்டித் தூக்குகிறவருக்குத் தெரியாது.

தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. இரண்டோடு விட்டவர்கள் நிறையப் பேர். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ஆன்டி எச்.பி.எஸ். பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள், 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். அந்தக் காகிதத்தை உங்கள் கைவசமே வைத்திருங்கள், ஆபீஸில் கொடுத்துவிடாதீர்கள்.

அப்படியும் ஒரு நாள் ஊசி குத்திவிட்டது. உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டும் டெட்டாலும் பிளீச்சிங்கும் ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்திருந்தால் வெறும் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். பிறகு இன்சார்ஜிடம் சொல்லிப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதவைத்து, அந்த நோயாளியின் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி முடிவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தித் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பதுவரை போகும். எல்லாரும் பயப்படுவது முதலாவதற்கு, பயப்பட வேண்டியது இரண்டாவதற்கு.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது; இரண்டு மணி நேரத்துக்குள் என்பது இலக்கு, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். முக்கூடல் பக்கத்தில் இருப்பவருக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச்சேர இரண்டு மணி நேரம் தாராளம். சிக்கல் தூரத்தில் இல்லை. ‘சொன்னால் என்னைத்தான் திட்டுவார்கள்’ என்ற பயத்தில் பல பேர் மறுநாள் மாலைவரை வாயைத் திறப்பதில்லை. ஆகவே நிர்வாகத்தாரே, ஊசி குத்தியதாக வந்து சொல்கிறவரை எப்படிக் குத்தியது என்று விசாரிப்பதை இரண்டாம் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு வண்டியும் கூடப் போக ஒரு துணையும் கொடுத்தால் போதும்.

கை ஓங்கினால்

2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் மருத்துவர் தன் மருத்துவமனையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். இறந்துபோன நோயாளியின் கணவர்தான் அதைச் செய்தார். 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதை நாடே பேசியது. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் ஓ.பி. அறையிலேயே கத்தியால் குத்தினார், அவர் பிழைத்தார். செய்தியில் வந்தவை இவை. செய்தியில் வராமல் தினமும் நடப்பது வசை, தள்ளுமுள்ளு, போனில் படம் பிடித்து ‘வைரல் ஆக்கிருவேன்’ என்ற மிரட்டல். இவற்றை முன்னால் நின்று வாங்குகிறவர் பெரும்பாலும் நர்ஸும் காவலாளியும்தான்.

தமிழ்நாட்டில் 2008-இலேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டுவரை சிறை. டாக்டர் மட்டுமில்லை, நர்ஸ், நர்சிங் மாணவி, துணை மருத்துவப் பணியாளர் எல்லாரும் அதன் பாதுகாப்பில் வருகிறார்கள். இந்தச் சட்டத்தின் பெயர்ப் பலகை பல மருத்துவமனை வாசலில் தொங்குகிறது, ஆனால் புகார் கொடுக்கும்போது எஸ்.ஐ.யிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லி வழக்குப் பதியக் கேட்கிறவர் குறைவு. கொல்கத்தா சம்பவத்துக்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை தன் மருத்துவமனைகளுக்கு ஒரு நல்ல உத்தரவு போட்டது: தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனமே புகார் கொடுக்க வேண்டும், தலைமை அதிகாரிதான் அதற்குப் பொறுப்பு. தனியார் மருத்துவமனையும் இதைத் தன் விதியாக எழுதி வைத்துக்கொள்ளலாம். அடிபட்ட பெண்ணைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, சமாதானமாகப் போகச் சொல்லிப் பின்னால் ஆள் அனுப்புவது நம் பக்கத்தில் வழக்கம். அதைவிடக் கேவலம் வேறில்லை.

தடுப்பதற்கு வருவோம். சண்டை பெரும்பாலும் மூன்று இடத்தில் வெடிக்கிறது: காத்திருக்கும் இடத்தில், பில் கட்டும் இடத்தில், இறப்பைச் சொல்லும் இடத்தில். ‘டாக்டர் தியேட்டரில் இருக்கார், இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்’ என்று அரை மணிக்கு ஒருமுறை யாராவது வந்து சொன்னாலே முதலாவது பாதி அடங்கும். இறப்பை ஒருபோதும் ஒற்றை ஆளாகச் சொல்லாதீர்கள், வராந்தாவில் நின்று சொல்லாதீர்கள். மூத்த டாக்டர் சொல்லட்டும், நர்ஸ் கூட நிற்கட்டும், உறவினர் உட்காரட்டும், வெளியே போகும் கதவு உங்கள் பக்கம் இருக்கட்டும். வயதில் குறைந்த பயிற்சி டாக்டரைத் தனியாக அனுப்பி ‘சொல்லிட்டு வா’ என்று கேட்காதீர்கள். முக்கூடல் காவல் நிலையத்தின் எண் உங்கள் டியூட்டி மேஜையில் ஒட்டியிருக்கிறதா? நைட் டியூட்டி அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் விழுகிறதா? இந்த இரண்டையும் இன்றைக்கே எழுந்து போய்ப் பார்த்துவிடலாம்.

தாக்குதல் நடந்த பிறகு ‘நீ அவன்ட்ட என்ன பேசினே?’ என்பது நிர்வாகத்தின் முதல் கேள்வியாக இருக்கக் கூடாது.

உள்ளேயிருந்து வரும் தொல்லைக்கும் வழி உண்டு. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் எந்த இடத்திலும், பாலியல் தொல்லை தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதியாவது பெண்கள். பத்துக்குக் கீழே ஆள் உள்ள கிளினிக்கில் வேலை பார்ப்பவர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். குழுவில் யார் யார் என்று சுவரில் பெயர் ஒட்டாத மருத்துவமனையில் குழு இல்லை என்றே கொள்ளுங்கள்.

மனசு

நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் வேலை பார்த்த மனநல நிபுணர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், உடன் உழைத்தவர்கள் மெல்ல மெல்லக் கருகிப் போவதைப் பார்த்து 1974-இல் ‘பர்ன் அவுட்’ பற்றி எழுதினார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்க ஒரு கேள்வித்தாளையே உருவாக்கினார். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் வகைப்பாட்டில் சேர்த்தபோது ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: இது நோய் இல்லை, வேலை சார்ந்த நிகழ்வு. எனக்கு இந்த ஒரு வரி மிகப் பிடிக்கும். நோய் என்றால் மாத்திரையோடு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வேலை சார்ந்தது என்றால் வேலையைத்தான் திருத்த வேண்டும்.

அடையாளம் மூன்று. வார்டுப் பேச்சிலேயே சொல்கிறேன். ‘டியூட்டிக்குப் போகணும்னு நெனச்சாலே வயித்தக் கலக்குது’ என்பது முதலாவது. நோயாளி பெயர் மறைந்து, ‘அந்த ஏழாம் பெட்டு கத்திக்கிட்டே கெடக்கு’ என்று வாயில் வந்துவிடுவது இரண்டாவது. ‘நாம என்ன செஞ்சு என்ன ஆகப்போவுது’ என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து சில வாரம் நீடித்தால் அதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ எழுதிவிடாதீர்கள். இன்சார்ஜ் அக்கா முதலில் போய்ப் பார்க்க வேண்டியது, மேலே சொன்னோமே, அந்த மூன்று மாதச் சார்ட்டை.

வார்டில் ஒரு குழந்தை இறந்துபோகிறது. ஐந்து நிமிஷத்தில் அடுத்த அட்மிஷன் வந்துவிடும், அழுவதற்கு மருந்து அறைதான் மிச்சம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1997-இல் தொடங்கிய ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் என்ற கூட்டங்களில், டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர்வரை ஒன்றாக உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பார்த்தபோது தங்களுக்குள் என்ன நடந்தது என்று மட்டும் பேசுகிறார்கள். யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்ற விசாரணை அதில் கிடையாது. நம்மால் அவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாது. டீ நேரத்தில் பத்து நிமிஷம் போதும்: என்ன நடந்தது, யாருக்கு என்ன கஷ்டமாக இருந்தது, இப்போது யார் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வர வேண்டும். டாக்டரும் அதில் உட்கார வேண்டும். அவர் வராவிட்டால் அது நர்சுகளின் புலம்பலாகச் சுருங்கிவிடும்.

தமிழ்நாடு தாய் இறப்புகளை ஒன்றுவிடாமல் ஆராய்கிறது. அதனால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன, அந்த முறை கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த ஆய்வுக் கூட்டத்தில் நின்றுவிட்டு வரும் நர்ஸும் டாக்டரும் மறுநாள் எப்படிப் பிரசவம் பார்ப்பார்கள் என்று யாராவது கேட்டார்களா? தவறோடு சம்பந்தப்பட்ட மருத்துவரையே இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று 2000-இல் ஆல்பர்ட் வூ எழுதினார். ஆய்வு முடிந்த அன்று மாலை மேலதிகாரி ஒருவர் போன் போட்டு ‘சாப்ட்டியாம்மா?’ என்று கேட்டால் கோப்பில் ஒன்றும் குறையாது.

பேச ஆள் இல்லை என்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்த இலவச மனநல உதவி 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலேயே பேசலாம், இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் போன் செய்யுங்கள். ‘நானே நர்ஸ், நான் போய்க் கேட்பதா’ என்ற தயக்கம் எல்லாருக்கும் வரும்; அதோடேயே போன் பண்ணலாம்.

வெயிலில் நடக்கிறவர்கள்

ஐந்தாயிரம் பேருக்கு ஒருவர் என்று கணக்கு வைத்து அமர்த்தப்பட்ட கிராம சுகாதார செவிலியருக்கு செவ்வாய் கர்ப்பிணிகள், புதன் தடுப்பூசி, மற்ற நாள் வீடு வீடாக. இரவில் வலி கண்டால் அவருக்குத்தான் போன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சேர்ந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குப் பி.பி. கருவியும் மாத்திரைப் பையும் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். திட்டம் 2024-இல் ஐ.நா. விருது வாங்கியது. நடக்கிறவருக்குக் குடை வாங்கித் தந்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

இவர்களுக்கு மருத்துவ அலுவலர் செய்யக்கூடியது அதிகம். ஒரே விவரத்தை மூன்று பதிவேட்டிலும் இரண்டு செயலியிலும் எழுதவைக்காதீர்கள். பதிவுக்கென்று வாரத்தில் அரை நாள் ஒதுக்கிக் கொடுங்கள், அப்போதுதான் இரவு பதினோரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து டேட்டா ஏற்றும் கூத்து நிற்கும். அக்னி நட்சத்திர நாட்களில் வீட்டு வருகையைக் காலை பத்துக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் மாற்றுங்கள். மாதாந்தரக் கூட்டத்தில் டார்கெட் குறைந்தவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பதை விடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இரவு எட்டுக்கு மேல் உத்தரவு போடாமல் இருப்பதே பெரிய உபகாரம்.

வேலையில் சேருமுன்

கடைசியாக, வேலை தேடும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும். நேர்காணலில் உங்களைத்தான் கேட்பார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். நைட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? டபுள் பார்த்தால் பணமா, விடுப்பா? தங்குமிடம் உண்டா, அதற்கு எவ்வளவு பிடிப்பார்கள்? இவற்றைக் கேட்டதற்கே வேலை தரவில்லை என்றால் நல்லதாகப் போயிற்று. முடிந்தால் சேருமுன் ஒரு மாலை அங்கே போய், டியூட்டி மாறும் நேரத்தில் வெளியே வரும் சிஸ்டர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

சம்பளத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்படி மத்திய அரசு அமைத்த ஜெகதீஷ் பிரசாத் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். கேரளம் 2018-இல் நர்சுகளின் குறைந்தபட்ச ஊதியத்தை 20,000 என்று அறிவித்தது. அங்கே நர்சுகள் தெருவுக்கு வந்து போராடியதால் அது கிடைத்தது. இங்கே அரசு நர்சுகளே 2015-இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. நீங்கள் தனியாளாகக் கேட்டு 20,000 கிடைக்காமல் போகலாம், ஆனால் பேரத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். பாண்டு எழுதச் சொன்னால் அன்றே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பதவி, சம்பளம், சேர்ந்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். சம்பளம் வங்கியில் வரட்டும், கையில் கவராக வேண்டாம். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, எண் கொடுத்தார்களா என்று பாருங்கள். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் யு.ஏ.என். எண்ணை வாங்கி, பணம் உண்மையிலேயே ஏறுகிறதா என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அம்மாவின் பாஸ்புக்கை அம்மா எப்படிப் புரட்டிப் பார்த்தாரோ அப்படி மாதா மாதம்.

வேலையை விட்டுப் போகும்போது அனுபவச் சான்றிதழைச் சண்டையில்லாமல் வாங்கப் பாருங்கள். எந்த வார்டு, எத்தனை படுக்கை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, முழு நேரமா என்பவை அதில் வர வேண்டும். வெறுமனே ‘நன்னடத்தை’ என்று இருந்தால் வெளிநாட்டு வேலைக்கு உதவாது. வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ இங்கிலாந்துக்கோ போக நினைப்பவர்கள் முகவர் யாருக்கும் பணம் கட்டுமுன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒருமுறை விசாரியுங்கள். 1978-இலிருந்து இருக்கிற நிறுவனம் அது. வெளிநாட்டில் சேரும்போது ஹெபடைடிஸ் பி தடுப்பூசித் தேதிகளையும் ஆன்டி எச்.பி.எஸ். முடிவையும் கேட்பார்கள். அந்தக் காகிதம் பழைய மருத்துவமனையின் பீரோவில் இருந்தால், அதை வாங்கத் திரும்பவும் அந்தப் படியேற வேண்டியிருக்கும்.